யார் பேச்சு எடுபடும்?

டாக்டர்: வாயை நல்லாத் திறங்க, மச்சான்.

மச்சான்: இருங்க மாப்ள, பல் எங்கயும் ஓடிடாது. இன்னொரு தடவை ஒத்திகை பார்த்துடுவோம். நாளைக்கு விசாரணை. நான்தான் லீக் கமிட்டி அதிகாரின்னு வெச்சுக்கங்க. கேக்கறேன்... பல் டாக்டருக்கு எதுக்கு சார் ஃபுட்பால் கிளப்?

டாக்டர்: என் மச்சான் பங்கையெல்லாம் என் பேருக்கு...

மச்சான்: போச்சு. நீங்க என் தங்கச்சியைக் கட்டினவர்னு தெரிஞ்சே அவங்களுக்கு மூக்கு வேர்த்திருக்கு. நீங்க வேற ஞாபகப்படுத்தணுமா?

டாக்டர்: சரி. மாமனார் ஆரம்பிச்ச கிளப். அது அழியறதைப் பார்த்துட்டு இருக்க மனசு வரல.

மச்சான்: அட... லேசா கண் கலங்கினா இன்னும் எடுப்பா இருக்கும்.

டாக்டர்: இந்தப் பக்கமாச் சாயுங்க. இந்தக் கடைவாய்ப் பல்லா?

மச்சான்: ஆ... அதேதான். அடுத்தது. பழைய ஓனருக்கு ஏன் தடை போட்டோம்?

டாக்டர்: ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் கொடுக்காம, கிளப்பைத் திவாலாக்கி, கேட்டா...

மச்சான்: போதும், போதும். என் கதையை ரொம்ப ரசிச்சுச் சொல்றீங்க.

டாக்டர்: ஊசி போடறேன். அசையாதீங்க.

மச்சான்: ஸ்ஸ்... இப்போ முக்கியமான கேள்வி. கிளப்ல யார் பேச்சு எடுபடும்?

டாக்டர்: அது வந்து... நீங்க...

மச்சான்: பார்த்தீங்களா, என் முகத்தைப் பார்க்கறீங்க. இங்கதான் மாட்டுவோம். பத்திரத்துல யார் பேர் இருந்தாலும், யார் சொல்றது நடக்குதோ அவர்தான் ஓனர்னு விதி. தடை இருக்கறவன் பினாமி வெச்சு நடத்தக் கூடாதாம். அதனால பட்டுனு சொல்லணும்.

டாக்டர்: என் பேச்சுதான்.

மச்சான்: கொஞ்சம் கெத்தா.

டாக்டர்: என் பேச்சு மட்டும்தான்.

மச்சான்: அப்படிப் போடுங்க. கடைசிக் கேள்வி. மைதானத்தை என்ன பண்ணுவீங்க?

டாக்டர்: அதை நான் உங்ககிட்ட கேக்கணும்.

மச்சான்: விளையாடுவோம்னு சொல்லுங்க. வேற என்ன பண்றது, வெள்ளாமையா?

டாக்டர்: வேற ஒண்ணுமே இல்லையா, மச்சான்?

மச்சான்: அப்பா மேல சத்தியமா இல்ல... கன்னம் மரத்துப் போச்சு மாப்ள.

டாக்டர்: உதடு?

மச்சான்: அதுவும்.

டாக்டர்: அப்போ இதைக் கடிச்சுக்கங்க. இனிமே பேச வேண்டாம். நான் பேசறேன்.

மச்சான்: ம்ம்.

டாக்டர்: போன வாரம் ஒரு பில்டர் இதே நாற்காலியில உக்காந்திருந்தார். உங்க மைதானத்துல அடுக்குமாடி வருதாம். கோல் போஸ்ட் பக்கம் நல்லாக் காத்து வரும், ஒண்ணு எடுத்துக்கங்க டாக்டர்னார். பேரம் பேசி முடிச்சது யாருன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னார்.

மச்சான்: ம்ம்? ம்ம்ம்...

டாக்டர்: தலையை ஆட்டாதீங்க, கருவி குத்திடும். உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன். அப்பா கட்டின மைதானம்னு ஒரே அழுகை. நானும் உங்களை அவ்வளவு நம்பினேன்.

மச்சான்: ம்ம்ம்...

டாக்டர்: நீங்களா வாய் விட்டுச் சொல்வீங்களான்னு பார்க்கத்தான் ஒத்திகைக்கே ஒத்துக்கிட்டேன்... இதோ, பல் வந்துடுச்சு. பஞ்சை அழுத்திக் கடிங்க. அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது.

மச்சான்: ம்ம்ம்ம்.

டாக்டர்: விசாரணை நாளைக்கு இல்ல, மச்சான். ஒரு நாள் முன்னாடியே வெச்சுட்டாங்க. இன்னைக்குக் காலையிலேயே முடிஞ்சுது. யார் பேச்சு எடுபடும்னு கேட்டாங்க, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். எனக்குப் பொய் வராது, அதனால அதை நிஜமாக்கிட்டேன். மைதானத்தை விக்க மாட்டேன்னு அங்கயே கையெழுத்தும் போட்டுட்டேன். இனி கிளப் ஆபீஸ் பக்கம் நீங்க வரக் கூடாது. சனிக்கிழமை மேட்சுக்கு வாங்க, கேலரியில உங்க தங்கச்சி பக்கத்துல இடம் போட்டு வெக்கறேன்.