மிளகாய் படாத கை

தலைமை வகிக்கும் பஞ்சாயத்துத் தலைவர் ஃபக்கீரப்பா பெரியப்பா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, மிளகாய்க் களத்திலிருந்து வந்து, கை கழுவியும் எரிச்சல் தீராமல் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களின் மடியில் உறங்கும் குட்டிச் சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒன்பதாம் வகுப்பு நீலம்மா, ஹொன்னவ்வாவின் மகள். குழந்தைகள் காப்பக அறையைக் காலி செய்து, விலை ஏறும்வரை மிளகாய் மூட்டை அடுக்கலாமா என்று இந்தச் சபை இன்று கை தூக்கி முடிவு செய்யப்போகிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் மேடையேறினேன்.

என் தம்பி பீரேஷன் களத்தோரத் தூளியில் வளர்ந்தவன். மிளகாய் பறித்த கையால் பிள்ளையைத் தொடக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பகல் முழுக்க எந்தக் கை அவனைத் தொட்டது? எந்த வாய் அவனோடு பேசியது? துணியால் மூக்கும் வாயும் மூடிய அம்மாவின் முகத்தையாவது அவன் முழுதாகப் பார்த்தானா?

அவன் அழவில்லை. "ஹொன்னவ்வா, குடுத்துவெச்சவடி நீ. புள்ள இருக்கற சத்தமே தெரியல" என்று மெச்சினீர்கள். நாங்களும் பூரித்துப்போனோம். அழுதும் யாரும் வராததால் அழுகையை விட்டுவிட்டவனை, அடக்கமானவன் என்று நினைத்துவிட்டோம். இரண்டு வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை.

அப்போதுதான் காப்பகம் வந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கல்லவ்வா அக்கா வந்தார். ஊரே பறிப்புக்குப் போனபோதும், பிள்ளைகளைத் தூக்க வேண்டும் என்று மிளகாயைத் தொடாமல் இருந்தவர். ரொட்டியைப் பிய்த்து ஊட்டும்போதும் பேசுவார், கால் கழுவும்போதும் பேசுவார், ஜன்னலில் வந்த அணிலைக் காட்டியும் பேசுவார்.

"என்ன கல்லவ்வா, வாய் தெறக்காதவன்கிட்ட ஊர்வம்பு அளக்கற?" என்று கேட்டார் நம் சங்கப்பா மாமா.

"உங்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள சந்தைக்குப் போயிரும் அண்ணே. இவன்னா வெளிய சொல்லமாட்டான்" என்றார் அக்கா.

சிரியுங்கள் மாமா. நீங்கள் சிரித்தால்தான் எனக்குப் பயம் தெளிகிறது.

ஒரு மாலை அம்மா களத்திலிருந்து ஓடிவந்து, அவசரத்தில் தம்பியை அள்ளப்போனார். அவன் ஓரடி பின்வாங்கினான். "அம்மா, காரம். கை கழுவு" என்றான். அம்மா எண்ணெய் தேய்த்துக் கழுவினார், கழுவிக்கொண்டே அழுதார். "பேசிட்டான்டி நீலா. என்னையே அதட்டறான்டி" என்றார். பேசிப் பேசியே ஒரு பிள்ளையைப் பேசவைத்த அந்த அக்காவை எந்தச் சொல்லால் புகழ்வேன்?

"நீயே வீட்ல இருந்து தம்பியப் பாத்துக்கயேன்" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. பார்த்துக்கொள்வேன் சித்தப்பா. பள்ளிப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பார்த்துக்கொள்வேன். அப்புறம் அந்தப் பையை யார் எடுத்துத் தருவார்கள்?

"ஒரு பருவத்துக்குத்தானம்மா" என்கிறார் தலைவர் பெரியப்பா. மூட்டை போனாலும் நெடி போகுமா பெரியப்பா? தும்மவைக்கும் அந்தத் தரையில் எந்தப் பிள்ளையைத் தவழவிடுவது? மிளகாய் அடுத்த ஆண்டும் காய்க்கும். இந்தப் பிள்ளைகளின் இந்த வயது அடுத்த ஆண்டு காய்க்குமா?

கை தூக்கப்போகும் பெரியவர்களே, தூக்குவதற்குமுன் உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அந்தக் கையால் உங்கள் வீட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தூக்குங்கள்.

பொறுமையாகக் கேட்ட சபைக்கு நன்றி. கல்லவ்வா அக்காவின் மிளகாய் படாத கைகளுக்கு என் வணக்கம்.