டாஸ்க்பாரில் வராத விண்டோ

கம்ப்யூட்டரில் விண்டோவை மூடுவதற்கான சின்னப் பெருக்கல் குறி வலது மேல்மூலையில் இருக்கும்வரை அதை யாரும் கவனிப்பதில்லை, ஐயா. இடம் மாறினால்தான் கை தேடும்.

உங்கள் விசாரணை அறிக்கையில் ‘மென்பொருள் கோளாறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் எழுதியதில் கோளாறு எதுவும் கிடையாது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு நான் முதலில் செய்து கொடுத்தது மற்ற மென்பொருள்களைப் போலத்தான் இருந்தது. சுருக்கினால் விண்டோ திரையின் அடியிலுள்ள டாஸ்க்பாரில் போய் உட்காரும், தொட்டால் எழும். எட்டு மாதம் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. மாடியில் எனக்கென்று ஓர் அறை, பராமரிப்புக்கென்று ஒரு டெலிபோன். அது உயிரோடுதான் இருக்கிறதா என்று என் செல்போனிலிருந்து நானே அடித்துப் பார்ப்பேன். மணி நன்றாகவே அடித்தது. அண்ணன் வீட்டில் என்னை விசாரிப்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது.

பிறகு ஒரு அப்டேட்டில் என் கவனக்குறைவால், சுருக்கிய விண்டோ டாஸ்க்பாருக்கு வராமல் போயிற்று. கீழ்த்தளத்தில் அழைப்புகளை எடுக்கும் அக்கா போன் செய்தார்.

“தம்பி, அந்த ஸ்கிரீன் எங்கயோ போய் ஒளிஞ்சுக்கிச்சு. உங்களைத் தொந்தரவு பண்றேனோ?”

“இல்லக்கா, சொல்லுங்க.”

சரிசெய்து கொடுத்ததும், “நீங்க இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்தான்” என்றார். அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தோடு இருந்தேன்.

மறுவாரம் அதே தவறை வேண்டுமென்றே எழுதிச் சேர்த்தேன். அடுத்து பெருக்கல் குறியை இடது கீழ்மூலைக்குக் கொண்டுபோனேன். பிறகு, திறந்திருக்கும் விண்டோக்களைக் காட்டும் ஆல்ட்-டேப் விசைகளை அழுத்தினாலும் விண்டோ தென்படாதபடி செய்தேன். மேலாளர் கேட்டதற்கு ‘பாதுகாப்பு’ என்றேன், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா வாரத்துக்கு மூன்று முறையாவது கூப்பிட்டார். மூட்டுவலி, மகளின் பரீட்சை, மாமியாரின் பிடிவாதம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

அன்று பகல் பதினொன்றரை மணி.

“தம்பி, கைதவறி சுருக்கிட்டேன், ஸ்கிரீனைக் காணோம். ஒரு அம்மா, வீட்டுக்காரருக்குப் பேச்சுமூச்சு இல்லன்னு கூப்பிட்டாங்க. அட்ரஸைச் சொல்லிட்டு, போனைக் கீழ வெச்சுட்டு அவர் நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருக்காங்க. திருப்பிக் கேட்டா பதிலே இல்ல. அட்ரஸும் அதுக்குள்ள, வண்டியை அனுப்புற பட்டனும் அதுக்குள்ள.”

“பதறாதீங்கக்கா. பாத்துடலாம்.”

அக்காவின் திரையில் அந்த விண்டோவை வரவழைக்க, மாடியில் என் கீபோர்டில் ஒரு விசையை ஒதுக்கி வைத்திருந்தேன். விரல் அதன்மேல்தான் இருந்தது. தட்டியிருந்தால் நன்றி சொல்லி உடனே வைத்திருப்பார். அதனால் மௌஸைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னேன். அங்கே எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். திரையின் அளவை மாற்றச் சொன்னேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். அது எழுந்து வரும்வரை இருவரும் காத்திருந்தோம். எழுந்த பிறகும் விண்டோ விட்ட நிலையிலேயே மறைந்திருக்கும்படிதான் எழுதியிருந்தேன்.

அவர் குரல் உடைந்தது. “தம்பி, லைன்ல இருக்கீங்கல்ல? வெச்சுடாதீங்க.”

“இருக்கேன்க்கா.”

வைத்துவிடாதே என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

பதினோராவது நிமிடத்தில் விசையைத் தட்டினேன். வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் இறந்திருந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டார். தன் கை செய்த தவறு என்றே இன்னும் அழுகிறாராம்.

அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, ஐயா. அந்த மனிதர் சாகும்வரை வண்டியை நிறுத்தி வைத்தது நான். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒரு நொடிகூட அக்காவை நான் தனியாக விடவில்லை.