வாசலில் உட்கார்ந்திருந்த உளுவை

பின்வரிசையில் பேச்சை நிறுத்திக்கொண்டால் நல்லது... நன்றி.

சகோதரிகளே, நீண்ட உரை நிகழ்த்த எனக்கு இன்று தெம்பில்லை. ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வந்ததிலிருந்து நீங்கள் எல்லோரும், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் கணவர்களைப் பற்றித்தான் பேசினீர்கள். கேட்டேன். என் கதையிலும் ஒரு கணவர் வருகிறார். கூடவே ஒரு மீனும் வருகிறது.

உளுவை தெரியுமல்லவா? கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் மணலோடு மணலாகக் கிடக்கும். விரல் நீளம்கூட இருக்காது. குழம்புக்கு ஆகாது என்று வலையிலிருந்து உதறிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் டெல்பின் என்று ஒருத்தி. முன்னறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தாள். மீன்வளத் துறையில் வேலை பார்த்த அவள் அண்ணன் லாசர், கடலடி மணலில் ஒரே வளைக்குள் சேர்ந்து குடியிருந்த ஒரு வரி இறாலையும் ஓர் உளுவையையும் கொண்டுவந்து அதில் விட்டார். இறால் அன்றே வேலையைத் தொடங்கியது. மணலைத் தோண்டும். தள்ளிக்கொண்டு வரும். கொட்டும். மறுபடியும் தோண்டும். உளுவை என்ன செய்தது? வளை வாசலில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்... உட்கார்ந்திருந்தது.

டெல்பினின் கணவர் கஸ்பார், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வாசலில் நாற்காலியைப் போட்டால் பொழுது சாயும்வரை அதில்தான்.

"ஏ டெல்பின், மீன்காரி வாரா. சட்டிய எடுத்துட்டு வா."

"வாரேன்."

"வானம் இருட்டுது. துணிய எடு."

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா? நீங்களும் அந்தத் தொட்டிக்குள்ள கெடக்க உளுவையும் ஒண்ணுதான்! ஒருத்தி மண்ணு சுமக்கா, ஒருத்தர் வேடிக்கை பாக்காரு."

கஸ்பார் சிரித்தார். "பாவம், அதுக்குப் பென்ஷன்கூடக் கெடையாது."

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. உளுவையைப் பிடித்து ஒரு வாளிக் கடல்நீரில் போட்டாள். கணவரை மணப்பாட்டில் இருக்கும் அவர் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். "இனிமே அங்கயே போய் உட்காருங்க." அவரும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடு அமைதியானது. இறால்? வெளியே வரவே இல்லை. இரை போட்டாலும் வரவில்லை. மணல் சரிந்து வளை பாதி மூடிப்போனது. லாசர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, எறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுட்டி! மீசைய உளுவை மேல வச்சுக்கிட்டுத்தான் வெளிய வரும். அது வால ஆட்டுனா உள்ள ஓடிரும். காவலையே தூக்கிட்டியே... எந்தத் தைரியத்துல வரும்? பட்டினி கெடந்தே செத்துப்போவும்."

டெல்பின் வாளியைத் தூக்கிவந்து உளுவையைத் தொட்டியில் விட்டாள். அது நேரே வளை வாசலுக்குப் போய் உட்கார்ந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு... ஒரு மீசை மட்டும் வெளியே வந்தது. தடவியது. தேடியது. உளுவையின் முதுகைத் தொட்டது. அதன் பிறகுதான் இறால் வந்தது, ஒரு சுமை மணலோடு.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது வெளியே நல்ல மழை. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. எடுக்க ஓடவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

"கெளம்பி வாங்க."

"நானா? அங்க எனக்கு என்ன வேலை?"

"வாசல்ல உட்காரணும்."

சகோதரிகளே, எல்லாக் கணவரும் உளுவை என்று நான் சொல்லவில்லை. சிலர் வெறும் மணல்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒருவரைச் சும்மா இருக்கிறார் என்று சொல்வதற்கு முன், நீங்கள் யாரைத் தொட்டுக்கொண்டு இத்தனை காலம் தைரியமாக நடமாடினீர்கள் என்று யோசியுங்கள். அந்த ஆள் இருக்கும்போதே யோசியுங்கள்.

என் வீட்டு வாசலிலும் ஒரு நாற்காலி கிடக்கிறது. தினமும் துடைத்துவைக்கிறேன்... இன்று காலையில் கொடியில் துணி போட்டுவிட்டு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், இருட்டிக்கொண்டு வருகிறது. என்னைக் கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை. நான் புறப்படுகிறேன்.