பார்த்துப் பார்த்து வாங்கின ரூட்டர்

வீட்டுக்கு ரூட்டர் வாங்கறதுல நான் அவசரப்படல மேடம். ரெண்டு சனிக்கிழமை பொன்னேரிக்குப் போய் வந்தேன். லைன் இழுத்தவங்க சும்மா குடுத்த பெட்டி முன் ரூமோட நின்னுடும். எங்க தெருவுல செல்போன் டவரும் எடுக்காது. என் பொண்ணு பூவிழி பின் ரூம்ல உக்காந்துதான் வேலைக்கு இன்டர்வியூ பேசணும். உப்புக் காத்துல எந்தச் சாமானும் ரொம்ப நாள் தாங்கறதில்ல. எல்லாம் பார்த்துதான வாங்கணும்.

கடைக்காரர் ராபர்ட் பொறுமையானவர். எத்தனை ரூம், சுவர் எவ்வளவு கனம்னு கேட்டு மூணு பெட்டியை எடுத்து வச்சார். ரெண்டு பெட்டி நல்லா தூரம் போகும்னார். மூணாவதை நம்ம போன்லருந்தே பார்த்துக்கலாமாம். வீட்ல யார் யார் போன் ஓடுதுனு பேரோட வரும். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஒரு பட்டன். தொட்டா அந்த ஒரு போனுக்கு மட்டும் நெட் நின்னுடும். நாம எங்க இருந்தாலும் நடக்கும்.

"இது இன்னாத்துக்கு?"னு கேட்டேன்.

"பரிச்சை நேரத்துல பசங்க கேம் ஆடாம இருக்கறதுக்கு, அக்கா. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

இருக்காங்கனு சொன்னேன். பூவிழிக்கு அப்ப இருபத்திமூணு.

என் நிலைமையையும் நீங்க எழுதிக்கணும். பேர் லோகாம்பாள். குப்பத்து ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர். காலைல எட்டு மணிக்குப் போனா நாலு மணிக்குத்தான் வீடு. வீட்டுக்காரர் முத்துராஜ் ஏரியில வலை போட்டவர். சக்கரை வியாதி வந்து வலது பாதத்துல பாதியை எடுத்துட்டாங்க. தினம் புண்ணைக் கழுவிக் கட்டினது பூவிழிதான். அவ கை பட்டா அவருக்கு வலிக்காது. நான் தொட்டா கத்துவார். பையன் பிரவீன் ஓசூருக்கு வேலைக்குப் போனான். மொதல்ல தினம் பேசினான், அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும். இப்ப பொங்கலுக்கு ஒரு போட்டோ வருது. பூவிழி தேடின வேலையெல்லாம் பெங்களூர்ல. நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா சண்டை வரும். எனக்குச் சண்டை பிடிக்காது.

மொத இன்டர்வியூ அன்னிக்கு ஸ்கூல்ல முட்டை வெந்துட்டிருந்துச்சு. பதினொன்னு பத்துக்கு பட்டனைத் தொட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு திரும்பத் தொட்டு ஓட விட்டேன். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, அவ ரூட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டிருந்தா.

"நல்லா பேசிட்டிருந்தேம்மா. நடுவுல என் மூஞ்சி அப்படியே நின்னுபோச்சாம். வேற ஆளை எடுத்துக்கிட்டாங்க."

காத்து ஜாஸ்தினு சொன்னேன்.

ரெண்டாவது தடவை அவளே பெட்டியைக் கழட்டி பின் ரூம்ல மாட்டினா. அதுவும் நின்னுச்சு. மூணாவதுக்கு முன்னாடி பொன்னேரியிலருந்து ராபர்ட்டை வரவழைச்சா. அவர் வயரெல்லாம் மாத்திப் பார்த்துட்டு, "பெட்டி சுத்தமா இருக்குதுக்கா, இன்னா பேஜார்னே புரியல"ன்னார். நான் டீ போட்டுக் குடுத்தேன். மூணாவதும் நின்னுச்சு.

அன்னிக்கு அவ அழல. ரூட்டர் எதிர்ல தரையில உக்காந்து, பச்சை லைட்டெல்லாம் எரியறதையே பார்த்துட்டிருந்தா. "எல்லாருக்கும் ஓடுது. எனக்கு மட்டும் ஏம்மா நிக்குது? நான் ராசி இல்லாதவளா?"னு கேட்டா. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. எறா வாங்கியாந்து தொக்கு பண்ணிக் குடுத்தேன். சாப்பிட்டா.

நாலாவது இன்டர்வியூவை அவ என்கிட்ட சொல்லவே இல்ல. பெத்த பொண்ணு மறைச்சதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஸ்கூலுக்குப் பின்னாடி தண்ணி டேங்க் இருக்குது இல்லீங்களா. கீழ சிக்னல் கொஞ்சம்தான், பேச்சும் என் பட்டனும் ஓடும், வீடியோ ஓடாது. மேல ஏறினா வீடியோவே நிக்காம ஓடும்னு ஊர்ல சொல்லுவாங்க. அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு ரெஜிஸ்டர் எழுதிட்டு வெளிய வந்தேன். டேங்க் ஏணி முடியற இடத்துல, கைப்பிடி இல்லாத விளிம்புல பூவிழி நின்னுட்டிருந்தா. இஸ்திரி போட்ட நீல டாப்ஸ். ஒரு கையில ஏணிக் கம்பி, ஒரு கையில போன்.

ஊர்ல என்னென்னவோ பேசறாங்க. யாரையோ விரும்பினா, அதான் குதிச்சிட்டா அப்படின்றாங்க. ஆஸ்பத்திரில நீங்களும் அப்படித்தான் கேட்டீங்க. அதுக்காகத்தான் நானே ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன். என் பொண்ணு குதிக்கல. அவ கோழை இல்ல. அன்னிக்கு அவ சந்தோஷமா இருந்தா. போன்ல எதுவோ சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்த வேலை கிடைச்சிடும்னு.

அங்க ஓடறது ரூட்டர் நெட் இல்ல. என் பட்டனால ஒண்ணும் ஆகாது. ஆனா நடுவுல போன் வந்தா வீடியோ நின்னுடும்னு அவளே ஒரு தடவை சொல்லியிருக்கா.

கீழ இறங்கச் சொல்லத்தான் கூப்பிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது உண்மையில்ல. இறங்கச் சொல்றதா இருந்தா நின்ன இடத்துலருந்து கத்தியிருந்தாலே கேட்டிருக்கும். நான் போன் பண்ணேன். கட்டை விரலால கட் பண்ணிட்டு மறுபடி பேச ஆரம்பிச்சா. திரும்பப் பண்ணேன். இந்தத் தடவை விரல் எட்டல போல. கம்பியைப் பிடிச்சிருந்த கையை எடுத்தா. எடுக்கறது கீழருந்து எனக்கு நல்லா தெரிஞ்சுச்சு. நான் போனை நிறுத்தல.

உசிருக்கு ஒண்ணுமில்ல. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழ இனிமே வராதுன்னுட்டாங்க. அவ கட்டிலை அவங்க நைனா கட்டிலுக்குப் பக்கத்துலயே போட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் நானேதான் எல்லாம் செய்யறேன். கால் வழுக்கிடுச்சுனு மட்டும்தான உங்ககிட்ட சொல்லியிருக்கா? போன்ல யார் பேர் வந்துச்சுனு அவளுக்குத் தெரியும். இருந்தும் என்னைக் காட்டிக் குடுக்கல. அம்மா மனசு அவளுக்குப் புரிஞ்சிருக்குது.

நைனாகிட்ட பேசறா. பக்கத்து வீட்டு சுதாகிட்ட சிரிச்சுக்கூடப் பேசறா. ஆறு வாரமா என்கிட்ட மட்டும்தான் பேச்சில்ல. வலி மாத்திரை அப்படி அசத்துது.