ஒருவர் போதும்

உங்கள் நாற்காலி ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். வந்ததிலிருந்து பார்க்கிறேன். பின்பக்கத்து இடது கால் குட்டை. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகினால் போதும், ஆணி அடிக்க வேண்டியதில்லை. எதற்கெடுத்தாலும் ஆணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் வேலையே அந்த ஆணியைத் தடுப்பதுதான்.

அந்த வேலையைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக விளங்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டில் சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, ஒரு குடிசை கிடையாது. அது அப்படியே இருக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அங்கேதான் போக வேண்டும். ஒருவருக்கு வண்டு, ஒருவருக்குப் பாசி, இன்னொருவருக்கு வெறும் மண். ஒவ்வொருவரும் விண்ணப்பம் போடுவார்கள். எது இல்லாமல் வேலை நடக்கவே நடக்காதோ அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பேனாவால் அடிப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. கொட்டகை கேட்பார்கள், கம்பம் கேட்பார்கள், ஜெனரேட்டர் கேட்பார்கள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கூட்டம். நான் அடித்துக்கொண்டே இருப்பேன். ஆபீஸில் எனக்குக் கத்தரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கோபம் வந்ததில்லை. கத்தரி இல்லாமல் யாராலும் சட்டை தைக்க முடியாது.

விண்ணப்பம் எங்கள் கைக்கு வரும்போது பெயரை மறைத்துத்தான் வரும். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. அப்படியும் தெரிந்தவருடையது என்று புரிந்துவிட்டால் குழுவில் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். நான் விலகவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓடைத் தவளைகள் மழைக்கு முன்னால் ஒரு மாதிரியும் மழைக்குப் பின்னால் வேறு மாதிரியும் கத்துகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தால், அது என் மாப்பிள்ளையைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். தங்கமான மனிதர். என் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். குழாய் சொட்டினால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆள் அரவமில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துவார், பின்னால் வருகிறவன் திட்டினாலும் நகர மாட்டார். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று என் மகள் கிண்டல் செய்வாள். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள் இல்லையா. தவளைக்காரரும் அப்படித்தான். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எல்லாத் திட்டத்தையும் சொன்னார். ஓடைக்கு மேலே தட்டையாக ஒரு பாறை இருக்கிறது, அதில் கூடாரம். பாறை உச்சியில் ஒரு சிறிய கம்பம், அது இருந்தால்தான் பள்ளத்திலிருந்து வயர்லெஸ் எடுக்கும். கையோடு ஒரு சாட்டிலைட் போன். கூட ஓர் உதவியாளர். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“இது முடிஞ்சதும் நாங்க வெளிநாடு போறோம் மாமா. அங்க ஒரு யுனிவர்சிட்டில வேலை ரெடியா இருக்கு.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நாள் கணக்கெல்லாம் என்னப்பா, அங்கதான் இனிமே,” என்றாள் மகள். “நீங்களும் வந்துடுங்க.”

“நான் அங்க வந்து என்னம்மா பண்றது, கொட்டாவி விடறதா?” என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அம்மா போன பிறகு அந்த மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போனபோதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. நான் செய்ததில் விதிக்குப் புறம்பாக ஒன்றுகூட இல்லை. வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாறை முகட்டில் ராஜாளி கூடு கட்டும், அதனால் அங்கே கூடாரம் கூடாது என்றேன். செடி மிதிபடாத இடம் எது? ஓடை நடுவிலுள்ள மணல்திட்டு. மணலில் பதிந்த கால்தடம் தானாக அழிந்துவிடும், காட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. எங்கள் கையேடே அதைத்தான் சொல்கிறது. கம்பம் நட வேண்டுமானால் பாறையில் துளை போட வேண்டும், அதனால் கம்பத்தை அடித்தேன். சாட்டிலைட் போனை நான் மறுக்கவில்லை. அதற்கு அனுமதி தர வேண்டியது வேறு அலுவலகம், அங்கே அனுப்பி வைத்தேன். இன்னும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். உதவியாளர் எதற்கு என்ற இடத்தில், ஒருவர் போதும் என்று எழுதினேன். அந்த உதவியாளருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவரை இன்றைக்கு உயிரோடு வைத்திருப்பது என் பேனா. இதை யாரும் என் கணக்கில் வரவு வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

மணல்திட்டைப் பற்றி எனக்குத் தெரியுமா என்றுதானே அடுத்த கேள்வி. தெரியும். இளவயதில் அந்த ஓடை நெடுக நடந்திருக்கிறேன். மலை உச்சியில் மழை கொட்டினால் கீழே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். திட்டுக்குப் பக்கத்து மரங்களில், என் தலைக்கு மேலே உள்ள கிளைகளில், வெள்ளம் கொண்டுவந்த கட்டைகள் சிக்கிக் காய்ந்து கிடக்கும். நிமிர்ந்து பார்த்தால் தெரியும். தவளை தேடுகிறவர்கள் குனிந்தே நடப்பார்கள்.

விண்ணப்பத்தை மொத்தமாக நிராகரித்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். நிராகரித்தால் காட்டு வேலை இல்லை, அடுத்த மாதமே இரண்டு பேரும் விமானம் ஏறியிருப்பார்கள். அதில் யாருக்கு என்ன லாபம்?

முடிவு வந்ததும் மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்து அலுத்துக்கொண்டார்.

“யாரோ ஒரு பொல்லாத மனுஷன் மாமா. எல்லாத்தையும் அடிச்சிட்டான். கடைசில நானும் தவளையும்தான் மிச்சம்.”

“விதின்னா விதிதானே மாப்பிள்ளை.”

“அதுவும் சரிதான்,” என்றார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. வீட்டு ஆள் விண்ணப்பத்தை நான் தொடுவேன் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. தான் செய்யாததை அடுத்தவர் செய்வார் என்று அவரால் நினைக்க முடியாது.

மகளுக்கு மட்டும் மனது கேட்கவில்லை. யாரிடமோ ஒரு சாட்டிலைட் போனை இரவல் வாங்கி, துணிக்கு நடுவில் ஒளித்து அவர் பையில் சொருகிவிட்டாள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். காட்டு வாசலில் பையைப் பிரித்து அடுக்கும்போது போன் கையில் பட்டிருக்கிறது. எடுத்துக் காவலரிடம் நீட்டிவிட்டார். காவலர் நல்ல மனிதர். “வச்சுக்கங்க சார், உள்ள யாரு வந்து பாக்கப் போறாங்க,” என்று சொல்லியிருக்கிறார்.

“வேண்டாங்க. எங்க மாமனார் கமிட்டில இருக்காரு. என்னால அவருக்குக் கெட்ட பேர் வரக் கூடாது.”

காவலர் பிற்பாடு என்னிடம் வந்து இதைச் சொல்லி, குலுங்கிக் குலுங்கி அழுதார். நான்தான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

மழை பெய்தது. சொன்ன தேதியில் அவர் வெளியே வரவில்லை. மகள் என் ஆபீஸ் அறைக்கே வந்துவிட்டாள். காலில் செருப்பு மாற்றிப் போட்டிருந்தாள். அந்தக் காட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்க வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும். சட்டம் அப்படி.

“அப்பா, ஒரு கையெழுத்துதானேப்பா. போட்டுடுங்க.”

“ராஜாளி குஞ்சு பொரிச்சிருக்கும்மா. அந்தச் சத்தத்துக்குக் கூட்டையே விட்டுட்டுப் போயிடும். நடந்து போக ஆள் அனுப்பிட்டேன்.”

“நடந்து போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? அங்க கிடக்கிறது உங்க மாப்பிள்ளைப்பா.”

“மாப்பிள்ளையா இருந்தா விதி மாறிடுமாம்மா? அவரே ஒத்துக்க மாட்டாரே.”

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது இப்படித்தான் பிடித்துக்கொள்வாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

இனி நீங்கள் பறவைக்காரம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் குழுவில் பறவைகளைப் பார்ப்பவர். உங்களிடம் வந்து பேசிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னது உண்மைதான். அந்த வருஷம் ராஜாளி அங்கே கூடு கட்டவில்லை. பாறை காலியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் விண்ணப்பம் வருவதற்கு முன்னால் நடந்த கூட்டத்திலேயே அவர் அதைச் சொன்னார். அப்போது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவன் நான். முன்பே சொன்னேனே, எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நடந்து போனவர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளம் திட்டை மூடியிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, எப்படியோ தவழ்ந்து கரையேறி, பாறைக்குக் கீழே வந்து கிடந்திருக்கிறார். தின்ற பிஸ்கட் உறையைக்கூட மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தாராம். காட்டில் எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது என்பது நிபந்தனை. ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது என்றார்கள். மகள் கேட்ட அன்று ஹெலிகாப்டர் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் அவளிடமே சொல்லிவிட்டார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று சிலருக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மணல்திட்டு நான் தேர்ந்தெடுத்தது. போனைக் கிடப்பில் போட்டது நான். இல்லாத ராஜாளியைச் சொல்லி ஹெலிகாப்டரை நிறுத்தியது நான். விதியை அவர் மீற மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வேறு யாராவது என்றால் ஒரு கம்பத்தையோ போனையோ கடத்திக்கொண்டு போய்ப் பிழைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் இந்த வழி செல்லாது. அவருடைய நேர்மையை என்னைப்போல் மதித்தவர் யாரும் கிடையாது.

ஆனால் காட்டைக் காப்பாற்றுகிறவன் நாலு பேர் ஏசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். நான் செய்தது காட்டுக்காக. என் சொந்த விருப்பு வெறுப்பு இதில் இல்லை. அதன்பிறகு மகள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்பது வேறு விஷயம். பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அவள் செருப்பு இருக்கும். நீங்கள் என்னைக் கூட்டிவரும்வரை இருந்தது. இன்று காலை அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதிர்ச்சி, வேறொன்றுமில்லை. சரியாகிவிடும்.

மகளை நினைத்துப் பார்க்காத அப்பன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எனக்குப் பொறுக்காது. நான் அவள்மேல் எவ்வளவு உயிராக இருக்கிறேன் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் எங்கள் தெருமுனைத் தச்சரைக் கேளுங்கள். அவளுடைய பழைய அறையில் கிடந்த சாமான்களையெல்லாம் ஒழித்து, வெள்ளையடித்து, அவளுக்கென்று நல்ல மரத்தில் ஒரு கட்டில் செய்யச் சொன்னேன். அளவெடுக்க வந்த தச்சர் நாடாவைப் பிடித்துக்கொண்டே கேட்டார், “மகளும் மாப்பிள்ளையும் வந்து தங்குறதுக்கா சார்? அப்ப ரெட்டைக் கட்டிலாப் போட்டுடலாமே.”

“வேண்டாம், ஒருத்தருக்குப் போதும்,” என்றேன். காட்டுக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொண்டு போக வந்திருந்த மாப்பிள்ளை, அப்போது கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.