நடுவில் நின்ற முள்

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, நான் வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மூடினால் எதிரில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக எங்கள் தெருவில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. கிண்டல் போய் மரியாதை எப்போது வந்தது என்று நினைவில்லை. வந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேனோ என்னவோ.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள் மேடம், அதனால் முதலிலிருந்து வருகிறேன். உங்களுக்கு இதில் பாதி தெரியும். வண்டியைச் சோதிக்க வந்த ஆய்வாளரே நீங்கள்தானே.

என் தங்கை வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். மாப்பிள்ளை நல்ல மனிதர். நான் சொன்ன எதையும் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை, அவ்வளவு நல்லவர். செவ்வாயும் வெள்ளியும் தபால்கார அக்காவை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். அக்கா முப்பது வருடம் எங்கள் பகுதியில் தபால் கொடுத்தவர். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு மருமகள் கடிதத்தை ஒளித்து வைப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மாப்பிள்ளையின் வண்டி மலையில் மட்டும் சூடாக ஆரம்பித்தது. சமதரையில் டெம்பரேச்சர் முள் ஒழுங்காக நடுவில் நிற்கும். மேடு ஏறி இருபது நிமிடம் ஆனால் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டை எட்டிப் பார்க்கும். வண்டியை நிறுத்தினால் இறங்கிவிடும். என்னிடம் கொண்டுவந்தார். பானெட்டில் கை வைத்தேன், கண்ணை மூடினேன். "தெர்மோஸ்டாட்" என்றேன். சூடானதும் தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிற வால்வு. பத்துக்கு ஆறு முறை அதுதான். மாற்றினேன்.

என் பணிமனைக்கு எதிரில் டீக்கடை. கடை வாசல் பெஞ்சில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். வண்டியை வெளியே எடுக்கும்போது அவர்கள் காதில் விழுகிற மாதிரி, "இனிமே இந்த முள்ளு நடுவைத் தாண்டிச்சுன்னா நான் மெக்கானிக்கே இல்ல" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பெஞ்சில் ஒருவர் டீயை ஊதிக்கொண்டே, "டாக்டர் கையெழுத்து மட்டும்தான் புரியாதுன்னு நெனச்சேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் தாடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பெடுத்தேன். மூடியை மாற்றினேன். ஃபேன் ஓடுகிறதா, பம்ப் சுற்றுகிறதா, எங்காவது ஒழுகுகிறதா, எல்லாம் பார்த்தேன். தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் திடமாக இருந்தன. மறுபடியும் மலை ஏறினார். மறுபடியும் முள் ஏறியது.

மூன்றாவது முறை வந்தது ஒரு திங்கட்கிழமை. அக்காவே கூட வந்திருந்தார். அப்போதே கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. "டாக்டர், உங்க பேஷண்டுக்கும் எனக்கும் ஒரே வியாதிதான். ரெண்டு பேருக்கும் தண்ணிதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். பிறகு கேட்டார். "நாளைக்கு வேணா வேற வண்டி பாத்துக்கட்டுமா?"

"எதுக்கு? காலைல வண்டி ரெடி" என்றேன்.

காலையில் ரெடியாகவில்லை. மதியமும் ஆகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு தடவைதானே, வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று ஆறுதலும் நான்தான் சொன்னேன். டாக்டர் அல்லவா.

புதன்கிழமை காலை வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வேலை செய்யவில்லை, சும்மா படுத்திருந்தேன். வெளியே வந்தால் பெஞ்சு தெரியும். அப்போதுதான் எனக்கு உருப்படியாக ஒன்று தோன்றியது. நான் எஞ்சின் சூடாகாது என்று சொல்லவே இல்லை. முள் நடுவைத் தாண்டாது என்றுதான் சொல்லியிருந்தேன்.

அது பழைய வண்டி. எஞ்சினில் ஒரு சென்சார், அங்கிருந்து முள்ளுக்கு ஒரே ஒரு வயர். நடுவில் கரண்டைக் குறைக்கிற ஒரு ரெசிஸ்டர், விரல்நகம் அளவுக்கு, வைத்துவிட்டால் போதும். குளிர்ந்த எஞ்சினில் முள் கீழே இருக்கும். சூடாகச் சூடாக ஒழுங்காக ஏறும். நடுவுக்கு வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் எஞ்சின் கொதித்து ஆவியானாலும் முள் நல்ல பிள்ளையாக அங்கேயே இருக்கும். சரியான ரெசிஸ்டர் தேடிப் பிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எந்த வயர் வேலையும் செய்ததில்லை.

ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட்டையும் புதிதாக மாற்றி, மாப்பிள்ளையோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. "மச்சான், நீங்க நெஜமாவே டாக்டர்தான்" என்றார். பெஞ்சுக்கு எதிரில் வண்டியை நிறுத்தி அவரையே இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் போன் செய்தார். மேடு ஆரம்பித்துச் சிறிது தூரத்தில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அதற்கு மேல் சிக்னல் கிடையாது. எப்போதும் அங்கே நிறுத்தி அக்காவுக்கு வாய் நனைக்க ஐஸ் துண்டு வாங்குவார்.

"மச்சான், ஒரு மாதிரி இனிப்பு வாசனை வருது. ஹீட்டாகுதோன்னு பயமா இருக்கு. ஆனா முள்ளு நடுவுலதான் நிக்குது."

"முந்தாநாள் கூலண்ட் ஊத்துனப்போ கொஞ்சம் சிந்திடுச்சு. அது காயற வாசனை."

"அக்காவுக்கு வேற மூச்சு வாங்குது. வண்டியை இங்கயே நிறுத்திட்டு, பின்னாடி வர்ற எதுலயாவது ஏத்தி விட்டுரட்டுமா?"

"முள்ளு நடுவுலதான இருக்கு?"

"ஆமா."

"அப்புறம் என்ன, போங்க."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "டாக்டரே சொல்லிட்டாரு, எடு தம்பி." அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மலையின் முக்கால்வாசியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஒரு சரக்கு லாரி வர இரண்டேகால் மணி நேரம் ஆனது. மாப்பிள்ளை அக்காவை ரோட்டோரச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தன் சட்டையைக் கழற்றி வெயிலுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் லாரியிலிருந்து இறக்கும்போது அக்கா உயிரோடு இல்லை.

வண்டியை என் பணிமனைக்குத்தான் இழுத்து வந்தார்கள். பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள். நீங்கள் வருவதற்கு முன் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வயரைப் பழையபடி சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. பிறகு நீங்கள் வந்தீர்கள். முள் வேலை செய்கிறதா என்று கேட்டீர்கள். நான் சென்சாரைக் கழற்றி, கொதிக்கிற எண்ணெயில் முக்கிக் காட்டினேன். முள் சரசரவென்று சிவப்புக்கு ஏறியது. எல்லாரும் பார்த்தார்கள். கைதட்டாத குறைதான். உங்களுக்குப் புரியவேண்டுமே என்று இரண்டாவது முறையும் செய்து காட்டினேன்.

மாப்பிள்ளை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போனபிறகு கேட்டார். "அப்போ நான்தான் பாக்கலையா மச்சான்? நடுவுலதான் நின்னுச்சு. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

"வெயில் கூசியிருக்கும்" என்றேன்.

அவர் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றும் இல்லை என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் நம்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் போய், கெஞ்சி, ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், போட்டுப் பார்ப்பார். தங்கையிடம், "இப்ப மணி என்ன காட்டுது, சொல்லு" என்பார். இதை அவளே வந்து என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் கல்மனசுக்காரன் என்று நினைக்காதீர்கள். சாவு வீட்டில் பந்தல் போடுவதிலிருந்து நாற்காலி திருப்பிக் கொடுப்பதுவரை நான்தான் ஓடியாடிச் செய்தேன். அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். அது இடம் இல்லை என்று பட்டது. அதற்கப்புறம் எந்த இடமும் இடமாகப் படவில்லை.

நேற்று உங்கள் ஆய்வு அறிக்கை தங்கை வீட்டுக்கு வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு இன்று காலை என் பணிமனைக்கு வந்தாள். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற ஹோஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். மிகச் சரி. அந்த ஹோஸ் வழியாகத்தான் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது. உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும், ஹோஸ் ஒட்டிப்போகாமல் தாங்க. அது துருப்பிடித்துக் கரைந்துவிட்டது. மேட்டில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உறிஞ்சலில் ஹோஸ் தட்டையாகும், தண்ணீர் நிற்கும். வண்டியை நிறுத்தினால் மறுபடி உப்பிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். நின்ற வண்டியில் அமுக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பழுதுபார்த்தவருக்கு இந்தக் கோளாறைக் கண்டறியும் தேர்ச்சி இல்லை என்று.

தங்கை என் தோளில் கை வைத்து, "மனசு கஷ்டப்படாதீங்கண்ணா. தெரியாம நடந்ததுதானே" என்றாள். பின்னால் நின்ற மாப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாரா" என்றார். எதிர்ப் பெஞ்சில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை. பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அக்கா செத்தபோது திறக்காத வாய், தங்கை அழுதபோது திறக்காத வாய், அப்போது திறந்துகொண்டது. மனசாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது. ஷட்டரை இழுத்துவிட்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் கண் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெயில் முக்கி உங்களை ஏமாற்றியதை எழுதிக்கொள்ளுங்கள். என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் ஏன் என்று கேட்கமாட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் ஒரு அம்மா காகித ஸ்ட்ராவில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். ஊறிப்போன ஸ்ட்ரா. வேகமாக உறிஞ்சினார், அது தட்டையாக ஒட்டிக்கொண்டது. விட்டார், உப்பிக்கொண்டது. பார்த்த அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புது ஹோஸ் வாங்கி, அளவாக வெட்டியும் வைத்துவிட்டேன். அன்றைக்கே வண்டியை வரச்சொன்னால் நாலாவது முறை அது என் வாசலில் நிற்கும். சனிக்கிழமை ஆயில் மாற்றுகிற சாக்கில் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடலாம் என்றிருந்தேன்.

இந்தப் பையில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள் மேடம், உள்ளே கம்பிச் சுருள்கூட இருக்கிறது, மில்லிமீட்டர் பிசகாத அளவு. கூடவே ரசீதும் வைத்திருக்கிறேன். தேதியைப் பாருங்கள். நேரம்கூடப் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஆறு பத்து. மாப்பிள்ளை போன் செய்ததற்கு முந்தின நாளே எனக்குத் தெரியும்.