எந்த நாளும் திரும்பி வரலாம்

ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தீர்கள், டெபுடி. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. உங்களோடு வந்த போலீஸ்காரர்கள் இருவரும் சேற்று ஷூவோடு சமையலறைவரை போனார்கள். வெளியாட்களின் ஷூவில் ஒட்டிக்கொண்டுதான் குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோய் வீட்டுக்குள் வருகிறது. உயிர்மேல் அக்கறை உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காபி ஊற்றிக்கொள்ளுங்கள். நானே சுட்ட ஆப்பிள் பை பலகாரமும் இருக்கிறது. நம் தோட்டத்துப் பழம்.

முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். இந்த மார்லிஸ் நாய் வியாபாரி இல்லை. கடை வாசலில் கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டி வைத்துக் குட்டி விற்கிறார்களே, அவர்கள் வியாபாரிகள். என் கோல்டன் ரிட்ரீவர் குட்டிகள் இந்த அடுப்புக்குப் பக்கத்தில் பிறக்கின்றன. பாத்திரம் விழுகிற சத்தம், தும்மல், சண்டை எல்லாம் கேட்டுப் பயம் தெளிந்து வளர்கின்றன. தாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, கண்ணையும் இதயத்தையும் காட்டிய பிறகுதான் சினைக்கு விடுவேன். குட்டி கேட்டு வருபவர்களை, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்காரவைத்து விசாரிப்பேன். ஒரு பல் மருத்துவர் வந்தார். வீடு முழுக்க வெள்ளைக் கம்பளம் என்று பெருமையடித்தார். "அதுக்குப் பொருத்தமா பீங்கான்ல ஒரு நாய் வாங்கி வைங்க டாக்டர், அது மூத்திரமும் போகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குட்டி வாங்குகிற எல்லோரும் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தாக வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் நாய்கள் காப்பகத்தில் விடக்கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடக்கூடாது, என்னிடமே கொண்டுவர வேண்டும். எந்த நாளும், எந்தக் காரணத்துக்கும். பொறுப்பாகக் குட்டி வளர்த்துக் கொடுக்கிற எல்லோரும் கேட்கிற வாக்குத்தான். பலர் கேட்பதோடு சரி. நாய் நிஜமாகவே திரும்பி வந்து நின்றால் இடமில்லை என்பார்கள். நான் ஒருமுறைகூடக் கதவை மூடியதில்லை. இந்த வட்டாரத்தில் எந்தக் காப்பகத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் வீட்டு நாய் ஒன்றுகூட அங்கே கம்பிக்குப் பின்னால் நின்றதில்லை.

திரும்பக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் உங்களுக்கு மனிதர்கள்மேலேயே குமட்டும். புது சோபா வாங்கியிருப்பார்கள். கணவன் மாறியிருப்பான், புதியவனுக்கு நாய் முடி ஆகாது. நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து முடிந்து, கிறிஸ்துமஸுக்கு ஃபுளோரிடா கிளம்புவதற்குள் என் வாசலில் கார் வந்து நிற்கும். அந்த நாய்களுக்கு ஒரு வாடை உண்டு. காதில் சீழ், வால் முடியில் காய்ந்த மலம், கண்ணில் பீளை. சில நொண்டும், சில உறுமும். பட்டுப்போல அனுப்பிய குட்டி அப்படி வந்து நிற்கும். ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் மார்லிஸ் வீட்டு நாய்.

கொரின் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் வாங்கிய ஓடிஸை அவள் குளிப்பாட்டித்தான் கொண்டுவந்தாள். நவம்பர் முடிகிற சமயம். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கார் கதவருகே மண்டியிட்டிருந்தாள்.

"ரொம்ப நல்லவன், மார்லிஸ். இடி இடிச்சாத்தான் பயந்துக்குவான். கோடையில கதவையே கடிச்சுத் தின்னுட்டான். இவனை அனுப்பு, இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணுன்னு வீட்டு ஓனர் சொல்லிட்டார். வேலி போட்ட வீடு ஒண்ணு கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அதுவரைக்கும்தான்."

"அதுவரைக்கும்கிறதெல்லாம் என்கிட்ட கிடையாது, கண்ணு. வந்தது வந்ததுதான். நான் நல்ல இடமா பார்த்து விட்டுடறேன்."

"நல்ல இடம்தானே?"

"உனக்கு நான் கெட்ட இடமா பார்ப்பேன்?"

பிறகு போனில் கேட்டாள். ஏரிக்கரைப் பண்ணையில் இருக்கிறான், வாத்துகளோடு ஒரே ஆட்டம் என்றேன். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கென்று அவளே சுட்ட பிஸ்கட் அனுப்பினாள். வீணாக்கவில்லை. ஜூனிபருக்குக் கொடுத்தேன். அவன் சார்பில் நன்றியும் சொன்னேன்.

ஜூனிபர்தான் இப்போதைய குட்டிகளின் தாய். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நாய்களிலேயே குறையில்லாதவள் அவள்தான். நேற்றுக் காலை கொரின் தன் கணவன் டாரலோடு வந்தபோது, அவளைத்தான் முதலில் காட்டினேன். வேலி போட்ட வீடு கிடைத்துவிட்டதாம்.

"குட்டி அப்புறம் பார்க்கலாம், மார்லிஸ். ஓடிஸ் அங்க சந்தோஷமா இருந்தா, ஒரு குட்டி வாங்கிக்கறோம். ஆனா அவனை ஒரு தடவை பார்த்துடணும். அந்தப் பண்ணை எங்க இருக்கு?"

"இப்ப போய் நின்னா அவன் மனசு கலைஞ்சிடும்."

டாரலுக்கு வாய் அதிகம். "நாய் மனசு கலையறது இருக்கட்டும். உங்க முகம் ஏன் கலையுது?" என்றான்.

பேச்சை மாற்றத்தான் ஜூனிபரின் திறமையைக் காட்டினேன். இந்த இனத்துக்கே வாய் மென்மை. பச்சை முட்டையைக் கவ்வினாலும் உடையாமல் கொண்டுவந்து தரும். பின்கதவைத் திறந்து, துணி உருளையை ஆப்பிள் மரங்கள் பக்கம் வீசி, "தேடிட்டு வா" என்றேன். "கையை நீட்டு கொரின், அவளே வந்து வைப்பா" என்றும் சொன்னேன்.

இங்கேதான் நான் தவறினேன். கோடையில் திரும்பி வந்தவற்றுக்கு ஆழமாகத் தோண்ட முடிந்தது. ஓடிஸ் வந்தபோது பூமி உறைந்து இறுகிவிட்டது, கடப்பாரை தெறித்தது. ஒரு முழம் போவதற்குள் கை விறைத்தது. கழுத்துப்பட்டையைக் கழற்றவும் தோன்றவில்லை. நம் ஊரில் உறைந்த நிலம் இளகும்போது, புதைந்து கிடக்கும் கல்லையெல்லாம் மேலே தள்ளும் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மறந்துவிட்டேன்.

ஜூனிபர் துணி உருளையைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து, சொல்லிக்கொடுத்தபடி கொரின் எதிரே உட்கார்ந்து, அவள் உள்ளங்கையில் மெதுவாக வைத்தாள். நீலப் பட்டை. பெயர்த் தகடு. பட்டை தனியாக வரவில்லை. ஈரமாக, முடியோடு, தாடைப் பக்கம் கொஞ்சம் சேர்ந்து வந்தது. ஒரு பல்கூட உதிராமல் கொண்டுவந்திருந்தாள். அந்த நேரத்திலும் அதைக் கவனித்துப் பெருமைப்பட்டேன்.

கொரின் கத்தவில்லை. கையை மூடவும் இல்லை. "ஓடிஸ்" என்று, கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். டாரல் என் பியோனிப் பூச்செடி முளைகள்மேல் வாந்தி எடுத்தான். இடம் பார்த்து எடுக்கத் தெரியாதவன்.

நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். கொரினின் கார் திருப்பத்தில் மறைந்ததும் ஓடிஸை மரங்கள் பக்கம் கூட்டிப்போனேன். வேகவைத்த கோழி ஈரல் கொடுத்தேன். அவன் என் விரலை நக்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கி என் கணவருடையது, அலமாரியில் இருக்கிறது. சத்தம் கேட்டு இடி என்று பயப்பட அவனுக்கு நேரம் இருக்கவில்லை. திரும்பி வந்த எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஒன்றுக்கு ஓர் ஆப்பிள் மரம் நட்டேன். உங்கள் ஆட்கள் தோண்டும்போது வேரை வெட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் ஆப்பிள் பைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டீர்கள்?

வேறு வீடு தேடியிருக்கலாமே என்கிறீர்கள். தேடலாம். கதவைத் தின்கிற நாயை அந்த வீடும் திருப்பி அனுப்பும். கடைசியில் காப்பகத்தில் நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் பார்த்து, இது யார் வீட்டு நாய் என்று கேட்பார்கள். வாக்கு என்றால் வாக்கு. நான் அவற்றைக் கைவிடவில்லை. மற்றவர்கள்தான் கைவிட்டார்கள்.

குட்டிகளைப் பற்றிக் கவலையில்லை, அவற்றுக்கு யாராவது கிடைப்பார்கள். ஜூனிபரைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டதாக உங்கள் ஆள் சொன்னார். அது முடியாது, டெபுடி. இனி அவள் யார் கையில் எதைக் கொண்டுவந்து வைப்பாளோ என்று அவளைக் கண்டாலே எல்லோருக்கும் அருவருப்பாக இருக்கும். அவளை இங்கே திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஈரல் இன்னும் மிச்சமிருக்கிறது. நிலமும் இப்போது இளகியிருக்கிறது.